வெளியில் ஓர் அறிவியல் வகுப்பறை: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் பக்கம் ஒரு சிறிய பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியின் பின்பக்கம் கிடந்த வெறும் மண்தரை, நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பறையாகிவிட்டது. அதைப் பார்க்க வரும் ஆசிரியர்களும், எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என்ன கட்ட வேண்டும்?

எதுவும் கட்ட வேண்டாம். ஒரு குச்சியை நட்டு, ஒரு வருடம் நிழலைப் பாருங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் அடுத்த பதிலில் உள்ள கணக்கையாவது போட்டுப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் இருக்கைக்குச் சைஸ் கல் (செதுக்கிய கட்டடக் கல்) இறக்கியதால் பட்ட பாட்டையும் அங்கேயே சொல்கிறேன்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாங்கள் இடம் பார்த்தது ஜனவரியில். மூன்று மாடிக் கட்டடத்தின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழலாக, குளுகுளுவென்று இருந்தது. சுவரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி அரைவட்டமாகக் கல் இருக்கைகள் போட்டோம். மேஸ்திரி ரசமட்டம் வைத்து அழகாக அமைத்துக் கொடுத்தார். பிப்ரவரி கடைசியில் மதிய வெயில் கல்லுக்கு வந்துவிட்டது. மார்ச்சில் பிள்ளைகள் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துகொண்டார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இதைத் தெரிந்துகொள்ளாமலா அறிவியல் டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

காரணம் எளிது. பெங்களூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 22 நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 74 சென்டிமீட்டர் நீளம், வடக்கே விழும். மார்ச் 21-ல் அது 23 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே இருக்காது. அதன்பின் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஜூன் 21-ல் 18 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி நிழலற்ற நாள். இப்போது எங்கள் கட்டடத்தின் உயரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் 7.4 மீட்டர், மார்ச் கடைசியில் 2.3 மீட்டர். நான்கு மீட்டரில் போட்ட கல் தப்பிக்க வழியே இல்லை.

இந்தக் கணக்கை அடுத்த வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் போட்டார்கள். எந்த மாதம் வரை எந்த இடத்தில் நிழல் என்று சுண்ணாம்பால் கோடு போட்டு, "மிஸ், கல்லை இங்கே நகர்த்துங்க" என்று புங்க மரத்தடியைக் காட்டினார்கள். நகர்த்தினோம். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: இடம் தேர்ந்தெடுப்பதையே முதல் பாடமாக வையுங்கள், அதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கட்டட நிழலைவிட மர நிழல் நல்லது. மரமே இல்லாத பள்ளி பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கழற்றி மடித்து வைக்கும்படி கட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வலை தொங்கிவிடும்.

கொடிக்கம்பத்தை நிழல் கடிகாரமாகப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. எல்லாப் பள்ளியிலும் ஏற்கெனவே நிற்கும் அறிவியல் கருவி அது. கம்பத்தைத் தொட வேண்டியதே இல்லை. சுற்றியுள்ள தரையில் குறி வைத்தால் போதும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், நண்பகலில், நிழலின் நுனியில் பெயிண்டால் ஒரு புள்ளி.

நண்பகல் என்றால் கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, பெங்களூர் 77.6 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12.20 வாக்கில். மாதத்துக்கு மாதம் இது சில நிமிடம் முன்பின் ஆகும். அதனால் 12 மணியிலிருந்து 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறி வைத்து, எது மிகக் குட்டையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் நிழலற்ற நாள் கோடை விடுமுறையில் போய்விடும். ஆகஸ்டில் வானம் மூடிக்கொள்ளும். ஆனால் ஆகஸ்ட் 15 அன்று எல்லோரும் பள்ளிக்கு வருகிறார்கள். கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் ஓடிப்போகாமல் 12.20 வரை இருந்து பாருங்கள். மேகம் விலகினால் ஆறு மீட்டர் கம்பத்தின் நிழல் அரைச் சாண்தான். எங்கள் பள்ளியில் ஒரு முறை அது தெரிந்தது. பார்த்த பிள்ளைகளில் ஒரு பெண் இப்போது கல்லூரியில் இருக்கிறாள், இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறாள்.

மரத்தடியில் உட்கார வைப்பதில் ஏதாவது முறை இருக்கிறதா?

பிள்ளைகளின் முதுகு சூரியனுக்கு, ஆசிரியரின் முகம் சூரியனுக்கு. கண் கூசும் பிள்ளை பாடத்தைக் கவனிக்காது. கடைசி வரிசை உங்களிடமிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது, தெருவில் ஆட்டோவும் பஸ்ஸும் போகும்போது குரல் அதற்கு மேல் எட்டாது. கரும்பலகைக்கு ஒரு கடப்பா கல்லைச் சுவரில் பதித்தோம். சுண்ணக்கட்டியில் நன்றாக எழுத வருகிறது, மழையில் கெடுவதில்லை.

மரத்தடி வெறும் நிழலுக்காக மட்டும் இல்லை. இலை இடுக்கு வழியாகத் தரையில் விழும் ஒளிப்பொட்டுகளைப் பாருங்கள். இடுக்கு கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டு வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். அதாவது ஊசித்துளைக் கேமரா. ஓர் அட்டையைச் சூரியனை நோக்கிச் சாய்த்துப் பிடித்து வட்டத்தின் விட்டத்தை அளந்தால், இடுக்கின் தூரத்தில் ஏறக்குறைய 110-ல் ஒரு பங்கு வரும். ஐந்து மீட்டர் தூரத்து இடுக்கு நாலரை சென்டிமீட்டர் வட்டம் தரும். சூரியன் தன் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 110 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஸ்கேலை வைத்துக் கண்டுபிடித்துவிடும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பார்க்கவும் கூடாது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று இந்த வட்டங்களெல்லாம் பிறையாகிவிட்டன.

தரைக்கு என்ன போடுவது? இன்டர்லாக் கல்லா, புல்லா?

ஒன்றையே முழுக்கப் போடாதீர்கள். நாங்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தரைதான். சுவரோரமாக இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஐந்து பட்டைகள்: சிமென்ட், கடப்பா கல், மணல், வெறும் செம்மண், புல். செலவு குறைவு. மிச்சம் கிடந்த கல்லும் சாந்தும் போதுமானதாக இருந்தது.

உராய்வுப் பாடத்துக்கு ஒரு சின்னச் சரிவுப் பலகையிலிருந்து பந்தை விட்டு, எந்தத் தரையில் எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளக்கிறோம். வெப்பப் பாடத்துக்குக் காலை ஒன்பது மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ஐந்து தரையிலும் வெப்பமானியை வைக்கிறோம்; கறுப்புக் கடப்பா கல்லும் புல்லும் எவ்வளவு விலகுகின்றன என்று எழுதும்போது அவர்களே மரங்கள் வெட்டப்பட்ட தங்கள் தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தண்ணீர்ப் பாடத்துக்கு அடியும் மூடியும் இல்லாத டப்பாவை ஒவ்வொரு பட்டையிலும் அழுத்தி வைத்து, ஒரு லிட்டர் ஊற்றி, உறிஞ்ச எத்தனை நிமிடம் என்று பார்க்கிறோம். சிமென்டில் டப்பாவின் விளிம்பு வழியாகத் தண்ணீர் பரவி ஓடிவிடுகிறது. ஒரு மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

ஒரு பொருள் ஒரே பாடத்துக்குத்தான் உதவும் என்றால் அதற்கு இடம் கொடுக்க யோசியுங்கள். மூன்று பாடத்துக்கு உதவினால் உடனே வையுங்கள்.

எந்தச் செடிகள்?

நர்சரிக்காரர் காட்டும் அழகுச் செடிகளில் பாதிக்குப் பாடமே கிடையாது. எனக்கு முக்கியம், அதைத் தின்ன யார் வருவார்கள் என்பது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வையுங்கள், சொல்லாமலே வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். எருக்கு வைத்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வரும், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகள் கை எட்டாத மூலையில் வையுங்கள். அரளி வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சை இலையில் இருக்கும் புழு சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்து, "மிஸ், எச்சம் நடக்குது!" என்றான். அன்று எடுக்க வேண்டிய பாடத்தை மூடி வைத்தேன். அடுத்த வாரம் அது பச்சையாக மாறியது. குச்சியால் லேசாகத் தொட்டபோது தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கவட்டை ஒன்றை நீட்டியது, கூடவே ஒரு நெடி. பிறகு நூல் கட்டிக் கூடாகித் தொங்கியது. முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம். புத்தகத்தில் இது நான்கு படம், நான்கு அம்புக்குறி.

எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா ராயக்கோட்டைக்காரர். புழுவைக் கண்டதும் மருந்து தெளிப்பானைத் தூக்கிவிட்டார்.

"டீச்சரம்மா, விட்டா செடியையே மொட்டை அடிச்சிடும்."

"இருக்கட்டும் தாத்தா, புழுவுக்கு ஒரு செடி, நமக்கு ஒரு செடி."

இரண்டு எலுமிச்சை வைத்தோம். ஒன்றில் அவர் இஷ்டப்படி புழு பொறுக்கிக்கொள்வார், அதன் காய் சத்துணவு அக்காவுக்குப் போகிறது. மற்றதில் யாரும் கை வைப்பதில்லை. மருந்து மட்டும் எதிலும் கிடையாது. இப்போது புதுப் புழு வந்தால் முதலில் எனக்குச் சொல்வதே தாத்தாதான்.

மரம் என்றால் புங்கை, வேம்பு, இடமிருந்தால் தூங்குமூஞ்சி. பெயருக்கு ஏற்ற மாதிரி மாலையில் இலை மடக்கும், நல்ல மேகமூட்டத்திலும் மடக்கும். ஏன் என்று கேட்க வைக்க இதைவிட நல்ல மரம் இல்லை. இந்த ஊரில் மாதத்துக்கு ஒரு மரம் பூப்பது தற்செயல் இல்லை, லால்பாக் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட ஜெர்மன் தாவரவியலாளர் கிரும்பீகல் அப்படித் திட்டமிட்டு மரங்களை நட வைத்தார். பள்ளி வாசலில் நிற்கும் ஒரு மரத்தை வாரம் ஒரு முறை பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய் என்று பதிவு செய்தால் அது உண்மையான ஆராய்ச்சி. சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் பள்ளிகள் சேர்ந்து இந்தப் பதிவுகளைக் கொடுக்கலாம்.

பார்த்தீனியம் முளைத்தால் பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். கையுறை போட்டு பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

குளம்?

தரையில் தோண்ட வேண்டாம். விளிம்பு முழங்காலுக்கு மேல் வரும் சிமென்ட் தொட்டி போதும், மேலே கம்பி வலை. கப்பி மீன் விடுங்கள், கொசு முட்டையிட்டாலும் புழுவைத் தின்றுவிடும். மீன் இல்லாத எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒரு வாரம், பத்து நாள்தான் எடுக்கும்.

மழையை எப்படிப் பாடமாக்குவது?

முதலில் ஒரு மழைமானி செய்யுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல் போல உள்ளே செருகுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சமமாக்கி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். சுவரும் மரமும் எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தினம் காலை ஒரே நேரத்தில் பார்க்க ஒரு பிள்ளையை நியமித்துவிட்டால் லீவு போடவே மாட்டார்கள்.

ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் பெய்தால் ஒரு லிட்டர். இது பதிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும். பெங்களூரில் வருடத்துக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 97,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆறாயிரம் லிட்டர் டேங்கர் பன்னிரண்டுக்கு மேல். 2024 மார்ச்சில் டேங்கருக்காகக் காத்திருந்த தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் இந்தக் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார்கள். மாடிக் குழாயைத் தொட்டிக்கு இறக்கும்போது ஓர் இடத்தில் ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்துங்கள், தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியட்டும்.

கல், பாறைக்கு என்ன செய்வது?

பழைய காம்பவுண்டுச் சுவர் இருந்தால் பூசாமல் விடுங்கள். இந்த ஊர்க் கல்லில் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை ஓடும், அதுதான் நைஸ் (gneiss) பாறை. லென்ஸ் வைத்தால் மின்னும் அப்பிரகம் தெரியும். பிறகு ஒரு நாள் லால்பாக் போய் அந்தப் பெரிய பாறையின்மேல் உட்கார வையுங்கள். அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறினால் லால்பாக் ஸ்டேஷன். கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை.

எங்களுக்கு மண்தரையே இல்லை, மொட்டைமாடிதான் இருக்கிறது.

நிழல் குச்சி, மழைமானி, காற்றுத்திசை காட்டி மூன்றுக்கும் மாடிதான் சிறந்த இடம். செடிக்கு மட்டும் கவனம். ஒரு சதுர மீட்டரில் ஓர் அடி உயரம் ஈர மண் கொட்டினால் சுமார் அரை டன் எடை. தென்னை நார்க்கழிவு கலந்த பைகளை, தூண் வரும் இடங்களை ஒட்டி வையுங்கள். பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் பாத்தி கட்ட வேண்டாம். கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் நெஞ்சுயரத்துக்குக் குறைவாக இருந்தால் அதை உயர்த்தும் வரை வகுப்பையும் மாடியில் வைக்க வேண்டாம்.

நாற்பது நிமிட வகுப்பு, நாற்பத்தைந்து பிள்ளைகள். நடக்கிற காரியமா?

வெளியே போகவும் திரும்பவும் பத்து நிமிடம் போய்விடும், உண்மைதான். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேளுங்கள். கேள்வியை வகுப்பிலேயே எழுதி முடித்துவிட்டு வெளியே போங்கள். வெளியே போய்க் கேள்வி தேடினால் கலைந்துவிடுவார்கள். ஐந்து பேர் ஒரு குழு. அளப்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், பொருளுக்குப் பொறுப்பு, சந்தேகப்பட ஒருவர். அந்தக் கடைசிப் பொறுப்பை வாரம் ஒருவருக்குக் கொடுங்கள். "சரியா அளந்தியா?" என்று கேட்கும் உரிமை கிடைத்ததும் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள்.

பெயர்ப்பலகை எந்த மொழியில்?

எங்கள் வகுப்பில் வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலகையை நான் எழுதவில்லை. அவரவர் வீட்டில் பாட்டியிடம் கேட்டு வந்து எழுதினார்கள். புங்கை கன்னடத்தில் ஹொங்கே, வேம்பு பேவு, தும்பை அங்கே தும்பே. பாடமொழி ஆங்கிலம் என்பதால் அதுவும் ஒரு வரி. பாட்டி சொன்ன மருந்துக் குணங்களைத் தனி நோட்டில் எழுதச் சொன்னேன், பலகையில் வேண்டாம்; சின்னப் பிள்ளைகள் பறித்துத் தின்றுவிடக் கூடாது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு?

முதல் நாளே யோசியுங்கள், பிறகு இடித்துக் கட்டுவது கஷ்டம். பாதை 1.2 மீட்டர் அகலம், கெட்டியான தரை. ஓர் அடி ஏற வேண்டுமென்றால் சரிவு குறைந்தது பன்னிரண்டு அடி நீளம். ஒரு பாத்தியையாவது மேசை உயரத்துக்குக் கட்டி, கீழே கால் நுழைய இடம் விடுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முப்பது மீட்டர் டேப் ஒன்று, வெப்பமானிகள், கை லென்ஸ்கள், கயிறு, தூக்குக்குண்டு, முதலுதவிப் பெட்டி. தேனீக் கடிக்கு யாருக்கு ஒவ்வாமை என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடத்தில் மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்தப் பக்கம் வகுப்பு வேண்டாம். செங்கல், ஓடு, குப்பைக் குவியல் எதுவும் மூலையில் கிடக்கக் கூடாது, பாம்புக்கு அதுதான் வீடு.

வெளியே கூட்டிப் போனால் படிப்பு கெடாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

பிள்ளையின் நோட்டைக் காட்டுங்கள். தேதி, நேரம், அளவு, படம், "நான் நினைத்தது, நடந்தது" என்று இரண்டு வரி. முடிந்தால் ஒரு சனிக்கிழமை அவர்களையே வரவழைத்து, பிள்ளைகளை விளக்கச் சொல்லுங்கள். ஊரில் விவசாயம் பார்த்த அப்பாக்கள் எங்கள் மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, எரு போதவில்லை என்று சொல்லி, அடுத்த வாரம் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஏப்ரல், மே விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது?

பல பள்ளிகளில் தோட்டம் செத்துப்போவது இங்கேதான். மார்ச் கடைசியில் பாத்திகளுக்குக் காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுகிறோம். மண் பானையின் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் பிள்ளைகள் வாரம் இரண்டு பேர் என்று முறை போட்டு, பெரியவர் ஒருவருடன் வந்து பானையை நிரப்புவார்கள். வாட்ச்மேன் அண்ணாவிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். பட்டியலின் கீழே நாங்கள் எழுதிய வரி: ஏப்ரல் 24 அன்று யார் முறையோ, அவர்கள் 12.20-க்குக் கொடிக்கம்பத்தின் நிழலையும் பார்த்து எழுதி வைக்க வேண்டும்.